இருபது குரோன் நோட்டில் ஒரு பேரரசு

பேரரசுகளின் ஏற்றத்தையும் சரிவையும் வரைபடத்தில் பார்த்தே பழகிவிட்டோம். ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசைப் பொறுத்தவரை, அதன் பணநோட்டில் படிப்பதுதான் ருசி. 1913 தேதியிட்ட இருபது குரோன் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் ஜெர்மன். பக்கத்திலேயே பொடி எழுத்தில் அதே தொகை இன்னும் எட்டு மொழிகளில்: செக், போலிஷ், உக்ரைனியன், இத்தாலியன், ஸ்லோவேனியன், குரோஷியன், செர்பியன், ருமேனியன். உக்ரைனியனும் செர்பியனும் சிரிலிக் எழுத்தில். ஆஸ்திரியப் பாதியின் குடிகள் யார் யார் என்று அறிய இந்த எட்டு வரி போதும். ஆனால் கள்ள நோட்டு அடித்தால் தண்டனை என்ற எச்சரிக்கை இந்தப் பக்கத்தில் ஜெர்மனில் மட்டும். தொகையைச் சொல்ல ஒன்பது மொழி, மிரட்ட ஒரே மொழி! ஆள்வது யார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சட்டமும் சொன்னதில்லை.

புரட்டினால் ஹங்கேரியன். அது மட்டும்தான். 1867 ஒப்பந்தத்தில் பேரரசு இரண்டாகப் பிரிந்து, ஒரே மன்னரின் கீழ் வியன்னாவும் புடாபெஸ்டும் சம அந்தஸ்து பெற்றன. அதனால் நோட்டின் ஒரு பக்கம் வியன்னாவுக்கு, மறுபக்கம் புடாபெஸ்டுக்கு. 1910 கணக்கெடுப்பின்படி, குரோஷியாவையும் சேர்த்துப் பார்த்தால் ஹங்கேரியப் பாதியில் ஹங்கேரியன் பேசியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. மற்றவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. ருமேனியருக்கும் செர்பியருக்கும் மறுபக்கத்திலாவது ஒரு வரி கிடைத்தது. ஸ்லோவாக்கியருக்கு அதுவும் இல்லை. முழுக்க ஹங்கேரிய ஆட்சியில் வாழ்ந்த அவர்கள் மொழி நோட்டின் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. நான் இந்த நோட்டை ரசிப்பதே அதிலுள்ளதற்காக அல்ல, இந்த இல்லாமைக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

1918 அக்டோபர், நவம்பரில் பேரரசு சரிந்தது. புதிய நாடுகளுக்குக் கொடி தயார், பாட்டு தயார். பணம் மட்டும் பழையது. வியன்னாவிலோ அச்சு இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அடிக்கும் நோட்டு இங்கே வந்து குவிந்தால் விலைவாசி என்னாவது? 1919 ஜனவரியில் யுகோஸ்லாவியா பழைய நோட்டின் மேல் முத்திரை குத்தத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோயிஸ் ராஷின் இன்னும் கறாரான ஆள். எல்லைகளை மூடிவிட்டு, மார்ச் முதல் வாரத்தில் நோட்டுகளை வாங்கி, சின்ன வில்லை ஒன்றை ஒட்டிப் பாதியைத் திருப்பித் தந்தார். மீதியைக் கட்டாயக் கடனாகப் பிடித்துக்கொண்டார். வில்லை ஒட்டிய நோட்டு இந்த நாட்டுப் பணம், ஒட்டாதது அயல்நாட்டுப் பணம். சமாதான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன்பே, தபால்தலை அளவு காகிதமும் பசையும் ஒரு நாட்டின் எல்லையைப் போட்டுவிட்டன.

ஆஸ்திரியா குத்திய முத்திரையில்தான் சோகமும் வேடிக்கையும். 'ஜெர்மன் ஆஸ்திரியா' என்று, ஜெர்மனில் ஒரே வார்த்தையாக. ஜெர்மனியோடு சேர்ந்துவிடலாம் என்ற ஆசையில் வைத்த பெயர் அது. செப்டம்பரில் செயின்ட் ஜெர்மைன் ஒப்பந்தம் அந்த ஆசைக்குத் தடை போட்டது. அக்டோபரில் நாட்டின் பெயரே ஆஸ்திரியக் குடியரசு என்று மாறியது. மக்கள் கையிலிருந்த நோட்டிலோ பழைய பெயர் அழியாமல் நின்றது. பல நூற்றாண்டுகளாகப் பேரரசு ஆண்ட தலைநகரில், தாங்கள் யார் என்ற கேள்விக்கு ஓராண்டுக்குள் இரண்டு பதில். ஹங்கேரி மட்டும் 1920 வரை முத்திரையைத் தள்ளிப்போட்டது. அதற்குள் அங்கே ஒரு புரட்சி வந்து போய்விட்டது.

தேசங்கள் ஆதிகாலத்திலிருந்தே இருந்தவை, பேரரசுதான் அவற்றை அடைத்து வைத்திருந்தது என்பார்கள். எனக்கு அது பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. யாரை வரிசையில் சேர்ப்பது, யாரை விடுவது என்று பேரரசு போட்ட கணக்குதான் பின்னால் வந்த நாடுகளின் மனத்தாங்கல்களுக்கும் வித்து. செக் மக்களோடு ஒரே நாட்டில் சேர்ந்த ஸ்லோவாக்கியருக்கு அங்கேயும் தாங்கள் இரண்டாம் வரிசை என்ற குறை இருந்தது. 1939-இல் ஜெர்மனியின் நிழலில் ஒரு ஸ்லோவாக் அரசு உருவானபோது, செக்கோஸ்லோவாக் நோட்டின் மேல் தன் பெயரை அச்சடித்தே தொடங்கியது. போருக்குப் பின் மீண்டும் சேர்ந்திருந்த செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரியில் சண்டையில்லாமல் பிரிந்தன; பிப்ரவரி 8 முதல் பணமும் தனித்தனி. புது நோட்டு கைக்கு வரும்வரை, இரு அரசுகளும் பழைய கூட்டாட்சி நோட்டின் மேல் வில்லை ஒட்டித்தான் சமாளித்தன.