சண்டோலும் வானம்பாடியும்: ஒரு பெயர்ச்சொல்லின் மொழிபெயர்ப்பு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து மராத்திப் படைப்புகளைத் தமிழாக்குவோர்க்குச் 'சண்டோல்' என்னும் பறவைப் பெயருக்கு எளிதிற் கிட்டும் நேர்சொல் 'வானம்பாடி'. இன அடையாளத்தில் இது பொருந்துவதே. திறந்த புல்வெளியில் தரைமீது கூடமைத்து, வானிலெழுந்து பாடும் சிறுபறவை அது.

சிக்கல் வேறிடத்தது. மழைத்துளியை உணவாகக் கொள்ளும் புள் ஒன்றைப் பட்டினப்பாலை கூறுகிறது. உரைகாரர் அதனை வானம்பாடி என்பர். ஆகவே தமிழ்ச்சொல்லுடன் மழைவேட்கையும் உடன்வருகிறது. மராத்தியிலோ அவ்வேட்கை 'சாதக்' பறவைக்கு உரியது, சண்டோலுக்கு அன்று. மூலத்தில் இல்லாத வறட்சியை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே புகுத்திவிடுகிறார்.

நெட்டைக்காலியையும் வானம்பாடி என்றெழுதுதல் வெளிப்படைப் பிழை. அது வாலாட்டியின் குடும்பத்தது. சண்டோலின் நிலை அத்துணை எளிதன்று. மழைக்குறிப்பு இடறும் இடங்களில் 'சண்டோல்' என்றே நிறுத்தி, 'புல்தரைக் குருவி' என ஓர் அடைமொழி சேர்த்தல் தகும்.