ஜாலான் அம்பாஸ் மரபு நடை: திரிங்காப்பிலிருந்து ஒரு நோக்கு

கேமரன் மலையிலுள்ள திரிங்காப்பில் தமிழாசிரியர் சிலரோடு மலைபடுகடாம் பற்றி உரையாடிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பாடத்தோடு தொடர்பில்லாதது போன்ற ஒரு வினா எழுந்தது. அவர்கள் தம் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தனர். பாலஸ்டியர் வட்டாரத்தில், ஜாலான் அம்பாஸ் எனும் சிறு தெருவில் உள்ள பழைய திரைப்பட ஸ்டூடியோவைக் காட்டும் மரபு நடையும் அத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. "அது மலாய்ப் படம் எடுத்த இடந்தானே, ஐயா? நம் பிள்ளைகள் பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். அன்று நம்மால் தெளிவாக விடை கூற இயலவில்லை. பின்னர் அத்தகைய நடை ஒன்றில் நாமும் கலந்துகொண்டோம். இக்கட்டுரை அவ்வாசிரியைக்கு நாம் தரும் தாமதமான விடையாகும்.

வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, இருபது முப்பது பேர் பின்னே நடக்கும் மரபு நடையை ஒரு பனுவலாகவே கொள்ளலாம். அதற்குத் தொடக்கம் உண்டு. நிறுத்தங்களின் வரிசை உண்டு. அழுத்திக் கூறப்படுவனவும் கூறாது விடப்படுவனவும் உண்டு. தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய உறவுடைய இலக்கிய வகை ஆற்றுப்படையே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளுள் மலைபடுகடாம் கூத்தர்க்கு உரியது. பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலின் 583 அடிகளில் கணிசமான பகுதி வழியைப் பற்றியது. பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சிற்றூரில் எவர் எவ்வுணவு தருவர் என்பனவெல்லாம் சொல்லப்பட்ட பின்னரே நன்னனின் ஊர் வருகிறது. வள்ளலைப் புகழ்வதே நூலின் இறுதி நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குறவர், கானவர், கோவலர், உழவர் ஆகியோரைக் கடக்காமல் புலவர் வள்ளலிடம் செல்வதில்லை. உழைப்போர் வாழும் நிலத்தின் ஊடாகவே புரவலனைக் காண வேண்டியுள்ளது. இந்த அளவுகோலையே நாம் ஜாலான் அம்பாஸுக்கும் கொண்டு சென்றோம்.

முதலில் இடத்தின் பெயர். 'அம்பாஸ்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சக்கை என்பது பொருள். சிங்கப்பூரில் அமெரிக்கத் துணைத்தூதராகப் (கான்சல்) பணியாற்றிய ஜோசப் பாலஸ்டியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். சாறு பிழிந்த பின் எஞ்சிய சக்கை தெருப்பெயரில் தங்கிவிட்டது. ஆக, ஸ்டூடியோ எழுந்த நிலமே ஒரு பழைய தோட்டத்து நிலம். இச்செய்தியை வழிகாட்டி ஒரு வேடிக்கைத் துணுக்காகக் கூறிக் கடந்தார், குழுவினரும் சிரித்தனர். தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர் இவ்விடத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றியது.

ஷா சகோதரர்களின் மலாய்ப் படத் தயாரிப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1947இல் மீண்டும் தொடங்கி, மலாய் பிலிம் புரொடக்சன்ஸ் என்ற பெயரில் 8, ஜாலான் அம்பாஸ் என்னும் முகவரியில் நடைபெற்றது. 1967இல் ஸ்டூடியோ மூடப்படும் வரை 150க்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. பி. ரம்லி 1948இல் வெளிவந்த 'சிந்தா' படத்தின் வழி திரைக்கு வந்ததும், 1955இல் 'பெனாரேக் பெச்சா' மூலம் இயக்குநரானதும் இங்கேதான். 1964இல் அவர் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள உலு கிளாங்கின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்குச் சென்றார்; 1973இல் காலமானார். நாம் நடந்த நடையில் ஏறத்தாழ ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்ட பெயர் அவருடையதே. அதில் குறை காண்பதற்கில்லை. பூட்டிய வாயிலின் முன் வழிகாட்டி ரம்லியின் பாடல் ஒன்றைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தபோது, முதிய மலாய்ப் பெண்மணி ஒருவர் மெல்லிய குரலில் உடன் பாடினார். அந்நேரத்தில் நாமும் திறனாய்வாளராக நிற்கவில்லை.

நம் ஆசிரியையின் வினாவுக்குரிய இடம் அதற்கு அடுத்த வாக்கியத்தில் வந்தது. "தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தார்கள், பிறகு நம்மவர்களே இயக்கத் தொடங்கினார்கள்" என்றார் வழிகாட்டி. ஒரே வாக்கியம். கால் நூற்றாண்டு வரலாறு அதற்குள் அடங்கிவிட்டது.

அவ்வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது. 'இந்திய இயக்குநர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பலர் உள்ளனர். 1934இல் 'லைலா மஜ்னுன்' படத்தை மலாயில் இயக்கிய பி.எஸ். ராஜ்ஹன்ஸ் வட இந்தியர், 'சிந்தா'வும் அவருடையதே. 1956இல் 'ஹங் துவா'வை வண்ணத்தில் உருவாக்கிய பணி மஜும்தார், கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் மரபில் வளர்ந்த வங்காளி. தமிழ்ப்படங்களை இயக்கிய பட்டறிவோடு சிங்கப்பூர் வந்தவர் பி.என். ராவ், அவர் பின்னர் போட்டி நிறுவனமான கேத்தே-கெரிசுக்காக 1957இல் 'பொந்தியானாக்' எனும் பேய்ப்படத்தை எடுத்தார். இவர்களையெல்லாம் தமிழர் என்று உரிமை பாராட்டுவது வரலாற்றுப் பிழையாகும். மேடைப் பேச்சுகளில் அப்பிழையை நாம் அடிக்கடி செய்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல். கிருஷ்ணனின் நிலை வேறு. சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் அவர். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நடிக்க வைத்த 'பக்தி' (1950) அவர் இயக்கிய படம். அதுவரை எதிர்நாயகனாகவும் துணைநடிகராகவும் தோன்றிய ஒருவரை நாயகனாக்கலாம் என்று துணிந்தது இளைஞரான இத்தமிழ் இயக்குநரே. இவரை 'இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்' என்னும் தொகுதியில் சேர்ப்பது பொருந்துமா? மலாயாவில் வளர்ந்து, மலாய் மொழியில் படமெடுத்து, பிற்காலத்தில் கோலாலம்பூரில் இருந்து இந்நாட்டுத் திரைத்துறைக்குப் பணியாற்றி, 1999இல் மறைந்தவர் அவர். 'நம்மவர்' என்னும் சொல்லின் எல்லை எங்கே வரையப்படுகிறது என்பதே இங்கு எழும் சிக்கல். வழிகாட்டி தீய எண்ணத்தோடு கூறினார் என்று நாம் கருதவில்லை. நடைச்சுற்றின் உரை அப்படி எழுதப்பட்டிருந்தது. அவர் அதை ஒப்பித்தார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இந்திய இயக்குநர்கள் தம் நாட்டுப் படங்களின் கதைப்போக்கையும் பாடல் வைப்பு முறையையும் மலாய்ப்படத்தின்மீது ஏற்றினர். மலாய் வாழ்வியலை உள்ளிருந்து அறியவில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு. அக்குற்றச்சாட்டில் நியாயமும் உண்டு. 'பெனாரேக் பெச்சா'வில் ஏழைக் கம்பத்து இளைஞனின் வாழ்க்கை பேசப்பட்டபோது மலாய்ப் பார்வையாளர் பெற்ற நிறைவை, தமிழர் என்ற முறையில் நாம் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியத் தமிழ் நாவலில் தோட்டப்புறம் முதன்முதலாக இடம்பெற்றபோது நாம் அடைந்த நிறைவும் அதுவேயன்றோ?

நடையின் பெருங்குறையாக நமக்குப் பட்டது வேறொன்று. ஸ்டூடியோவின் நடிகர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தவர்கள். அவர்களுட் பலர் அருகிலுள்ள பூன் டெக் சாலையில் நிறுவனம் அளித்த வீடுகளில் குடியிருந்தனர். 1957இல் ஊதியத்தையும் பணிநீக்கத்தையும் முன்வைத்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கலைஞர் சங்கமான பெர்சாமா அதனை முன்னின்று நடத்தியது. ரம்லியும் அச்சங்கத்தில் முன்னணியில் இருந்தார். மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில், நட்சத்திரங்களும் விளக்குப் பிடித்தோரும் ஒரே வாயிலின் முன் நின்ற நிகழ்ச்சி அது. நாம் கலந்துகொண்ட நடையில் அவ்வாயிலின் முன்தான் பத்து நிமிடம் நின்றோம். பாடல் ஒலித்தது, வேலைநிறுத்தம் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. சம்பளப் பட்டியல், நிறுவனக் குடியிருப்பு, வாயிற்கதவு, சங்கம் ஆகிய நான்கும் தோட்டத்து வாழ்க்கையை அறிந்த எவருக்கும் விளக்கமின்றியே புரியக்கூடியவை. கூத்தர் செல்லும் வழியில் இருந்த மனிதரையெல்லாம் நீக்கிவிட்டு, நேரே நன்னன் அரண்மனையில் இறக்கிவிட்டாற்போல் இருந்தது.

திரிங்காப்புக்குத் திரும்புவோம். அங்கிருந்து பிரிஞ்சாங் செல்லும் சாலையில் சில கிலோமீட்டர் தூரத்திலேயே தேயிலைச் சரிவுகளுக்குப் பிரியும் பாதை உள்ளது. மலையில் இயங்கும் தொழிற்சாலை ஒன்றில் பயணிகளுக்கு வழிகாட்டியுடன் சுற்று நடத்துகின்றனர். கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என ஒவ்வொரு கட்டமும் பொறியைக் காட்டி விளக்கப்பட்டது. ஆங்கில முதலாளியர் 1920களில் மலையைத் திருத்திய வரலாறும் கூறப்பட்டது. கொழுந்து பறித்தவர் யார் என்பதற்குச் சுவரில் ஒரு நிழற்படம் இருந்தது, அதன்கீழ்ப் பெயரில்லை. மூன்று தலைமுறைத் தமிழர் அச்சரிவுகளில் கூடை சுமந்தனர். இன்று வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கின்றனர். அவர்களுக்கும் பெயரில்லை. பயணியர் தேநீர் அருந்தி, பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பினர். ஜாலான் அம்பாஸில் நம்மை உறுத்திய அமைதி நமக்கு ஏன் அவ்வளவு பழக்கமானதாகத் தோன்றியது என்பதை அங்குதான் உணர்ந்தோம்.

தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. சேலம் - ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனம். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் தந்தது. கதாசிரியர் முதல் தச்சர் வரை மாதச் சம்பளத்தில் வைத்து ஆலைபோல் நடத்தப்பட்ட அவ்விடத்தில் இன்று காண எஞ்சியிருப்பது முகப்பு வளைவு. சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டூடியோவின் மரபுக் காட்சியகம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. படப்பிடிப்புக் கருவிகள் அங்கே உள்ளன. ஆயினும் கண்ணைக் கவர்வன பழங்கால மகிழுந்துகளே. கருவிகளைப் பேணியமைக்கு நன்றி கூறத்தான் வேண்டும். 1947இல் 'நாம் இருவர்' படம் உருவான காலத்தில் அந்நிறுவனம் காரைக்குடியில் கொட்டகை போட்டு இயங்கியது. அக்கொட்டகையைக் கட்டியவர், அரங்கம் அமைத்தவர், மின்விளக்கைத் தூக்கியவர் ஆகியோரைப் பற்றி ஒரு காட்சிப்பேழை அமைப்பதற்கு ஒரு மகிழுந்து நிற்கும் இடம் போதுமானது.

இனி ஆசிரியையின் வினா. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள் என்பதே நம் விடை. ஆனால் நடையை ஜாலான் அம்பாஸில் தொடங்க வேண்டாம், திரிங்காப்பிலேயே தொடங்குங்கள். போருக்குப் பின் அரசாங்கத் தகவல் துறையின் திரைப்பட வண்டிகள் தோட்டந்தோறும் வந்தன. தமிழ் விளக்கவுரையோடு செய்திப்படங்கள் காட்டப்பட்டன. பின்னர்ச் சம்பள நாளை ஒட்டித் தமிழ்ப்படங்களைத் திடலில் காட்டியவர்களும் இருந்தனர். அன்றைய உரையாடலைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், முன்னால் கிராணிமார் குடும்பங்களுக்கு நாற்காலி போட்டதால் லயத்துப் பிள்ளைகள் திரைத்துணியின் பின்புறம் போய் அமர்ந்ததாகச் சொன்னார். துணியின் பின்புறத்தில் உருவங்கள் இடம்வலம் மாறித் தெரியும். எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுபவர் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தாராம்.

படம் காட்ட வந்தவரோடு இரண்டாண்டுக் காலம் பெட்டி தூக்கிச் சென்றவர் அவர். படச்சுருள் வைக்கும் தகரப் பெட்டியின் மூடி ஒன்று இன்னும் வீட்டில் இருப்பதாகவும், மனைவி அதில் மிளகாய் காயவைப்பதாகவும் கூறினார். மறுவாரம் மாணவர்களை அழைத்துக்கொண்டு வருவதாக ஆசிரியை அவரிடம் சொன்னார். மூடியைக் கழுவி வைக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றோம்.