பொழுதுபோக்கின் குறிப்பேடும் தறிக்குடோனின் மௌனமும்

டி-76 ஒரு பிரதி. இப்படிச் சொன்னால் நம் விமர்சகர்களுக்குச் சிரிப்பு வரலாம். தமிழ் விமர்சனம் பிரதி என்று ஒப்புக்கொள்வது கவிதையை, நாவலை; கொஞ்சம் இறங்கி வந்தால் சினிமாவை, சுவரொட்டியை. கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவும் கரைசலுக்கான செய்முறைக் குறிப்புக்கு இந்த வரிசையில் இடம் கிடையாது. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். கோடாக் கம்பெனி 1920களில் சினிமாப் படச்சுருளுக்காக உருவாக்கிய இந்தக் குறிப்பு ஏறத்தாழ நூறு வருஷமாகக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும். சல்பைட் நிறைந்த தண்ணீரில் அது சரியாகக் கரையாது. தமிழ் வாக்கியத்திலாவது சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட இடமுண்டு, இதில் கிடையாது.

இந்தப் பிரதியில் யார் பேசுகிறார்கள்? 'நான்' எங்கும் இல்லை. கரை, ஆறவிடு, ஊற்று என்ற ஏவல்கள் மட்டும். ரொலான் பார்த் 1967ல் ஆசிரியனின் மரணத்தை அறிவிப்பதற்கு முன்பே இங்கே ஆசிரியர் செத்துப்போயிருக்கிறார். துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. வாசகர் இதைச் செய்துதான் வாசிக்க முடியும். எழுதினது தப்பென்றால் படம் வராது. நம்முடைய கோட்பாட்டுக் கட்டுரைகளை இப்படி முக்கி எடுத்துப் பார்க்க ஒரு தொட்டி இன்றுவரை வாய்க்கவில்லை. (அதே பார்த், புகைப்படம் பற்றி 1980ல் எழுதிய கடைசி நூலில், தான் புகைப்படக்காரர் இல்லை, அமெச்சூர்கூட இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இருட்டறை இல்லாத புகைப்படக் கோட்பாட்டை.)

கோவையிலும் திருப்பூரிலும் இன்று பிலிம் காமிராவை மறுபடி கையில் எடுத்திருப்பவர்கள் இந்த மாதிரிக் குறிப்புகளைத்தான் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறார்கள். இவர்களோடு இன்னும் இரண்டு வகை ஆட்களைச் சேர்க்கலாம். ரயிலோ கப்பலோ கோயிலோ அளவு குறைத்து மாடல் செய்கிறவர்கள் ஒரு வகை. எந்தப் பசை எந்த மரத்தைப் பிடிக்கும், 1க்கு 87 என்ற விகிதத்தில் ரயில்பெட்டி ஜன்னல் எத்தனை மில்லிமீட்டர் என்பது அவர்கள் பேச்சு. விடுமுறை நாளில் நடுகல்லும் கல்வெட்டும் தேடிப் போகிறவர்கள் இன்னொரு வகை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றிப் படியெடுப்பதை இவர்கள் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' 1991லிருந்து வெளிவருகிறது. அதில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தொல்லியல் துறைச் சம்பளக்காரர்கள் இல்லை. மூன்று வகையினரையும் ஒரே கூட்டமாக ஆக்குவது குறிப்பு என்ற இந்த வடிவம்தான்: செய்து பார்ப்பது, கெடுத்துக்கொள்வது, எழுதிவைப்பது, அடுத்தவருக்குக் கொடுப்பது.

கொடுப்பது என்பது நம் மரபில் அவ்வளவு சாதாரணமான காரியம் இல்லை. இங்கே தொழில் ரகசியம் எழுதும்போதே மறைக்கப்படுவது. சித்தர் ஏடுகளில் மருந்துச் சரக்கின் பெயர் பரிபாஷைக்குள் ஒளிந்திருக்கும். குரு வாய் திறக்காமல் பாட்டுத் திறக்காது. சோமனூர்ப் பக்கம் சைசிங் மில்லில் பாவு நூலுக்கு ஏற்றும் கஞ்சிக்கும் ஒரு டி-76 உண்டு. மாவு எவ்வளவு, பசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எந்த நம்பர் நூலுக்கு எவ்வளவு நேரக் கொதி - இது மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும், இல்லை முதலாளியின் மேஜைக்குள் இருக்கும். வெளியே வந்தால் பக்கத்து மில்லுக்குப் போய்விடும். பொழுதுபோக்காளர் தாராளமாகக் கொடுப்பதை அவருடைய நல்ல குணமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதில் அவருக்குச் சோறு இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. பொழுதுபோக்காளர் தன் தோல்வியை எழுதுகிறார். தண்ணீர் 24 டிகிரி இருந்தது, ஒன்றரை நிமிஷம் கூடிப்போச்சு, நெகடிவ் கறுத்துப்போச்சு என்று தேதி போட்டு எழுதிவைக்கிறார். நல்ல குறிப்பேடு ஒன்றில் பாதிக்குமேல் கெட்டுப்போன சுருள்களின் சரித்திரம். எழுதினதற்காக யாரும் அவருக்கு அபராதம் போடப்போவதில்லை என்பதால் இது முடிகிறது. தறிக்குடோனில் துணியில் குறை விழுந்தால் அதற்குப் பெயர் டேமேஜ். டேமேஜ் என்றால் கூலியில் பிடிப்பு. அங்கே தோல்வியை எழுதுவது தன் மேல் தானே குற்றப்பத்திரிகை எழுதுவது. யார் எழுதுவார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாத் தறி ஒன்று நிமிஷத்துக்கு 130 ஊடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் அங்குலத்துக்கு 52 ஊடை, எங்கள் பேச்சில் 52 பிக். வகுத்தால் நிமிஷத்துக்கு இரண்டரை அங்குலம் துணி. மணிக்கு 150 அங்குலம், அதாவது 3.8 மீட்டர். 12 மணி நேர ஷிப்டில் நிற்காமல் ஓடினால் 45 மீட்டர் சொச்சம். நிற்காமல் ஓடுகிற தறி எந்த ஊரிலும் இல்லை. தார் தீர்ந்தால் நிற்கும். பாவு இழை அறுந்தால் நிறுத்த வேண்டும். நாடா எகிறினால் நிற்கும். கரண்ட் போனால் குடோனே நிற்கும். கணக்குப்படி வரவேண்டிய 45க்கும் கையில் விழுந்த மீட்டருக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் யாருடையது? மீட்டருக்குக் கூலி என்று வந்துவிட்டால், பஞ்சின் குறை, நூற்பு மில்லின் குறை, கஞ்சியின் குறை, மின்சாரத்தின் குறை எல்லாம் வரிசையாக இறங்கி வந்து தறி ஓட்டுகிறவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும். 'பாவு சரியில்லீங்க' என்று அவர் சொல்வது வெறும் பேச்சாக நின்றுவிடும். எந்த இழை, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை அறுந்தது என்ற குறிப்பு இருந்தால் அது ஆவணம்.

2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். 2025லும் நிறுத்தினார்கள். சோமனூர் ரகத்துக்கு இத்தனை சதவீதம், பல்லடம் ரகத்துக்கு இத்தனை சதவீதம் என்றே செய்தி வந்தது. அந்தத் தறியாளர்களுக்குக் கீழே இருந்து தறி ஓட்டுகிறவர்கள், வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வந்தவர்கள், சதவீதத்துக்குள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது.

நம்முடைய முற்போக்கு எழுத்து தறியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. அதில் தறிக்காரர் இருமுவார், கடன் வாங்குவார், அடகு வைப்பார், கடைசியில் கொடி பிடிப்பார். ஆறு தறி, எட்டுத் தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர் இத்தனை இரைச்சலுக்குள் எந்தத் தறியின் சத்தம் பிசகுகிறது என்று முதுகாலேயே கேட்பதை அது எழுதியதில்லை. துன்பப்படும் உடலாக மட்டும் தொழிலாளியைக் கட்டமைக்கிற இந்தக் கதையாடல், அவருடைய அறிவை அவரிடமிருந்து ஒருமுறை பிடுங்கிவிடுகிறது. முதலாளி பிடுங்கியது போக மிச்சத்தை. மார்க்ஸ் 1880ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகத் தயாரித்த ஏறத்தாழ நூறு கேள்விகளில் எந்திரம் பற்றி, நேரம் பற்றி, பட்டறையின் நிலை பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அந்தக் கேள்வித்தாளும் ஒரு தொழில்நுட்பக் குறிப்புதான்.

பொழுதுபோக்கு என்பதே நடுத்தரவர்க்கத்துச் சமாச்சாரம், அதைப்போய் முன்மாதிரியாகக் காட்டுவதா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிலிம் சுருள் ஒன்றை வாங்கிக் கழுவி முடிப்பதற்குள் தறிக்காரரின் ஒருநாள் கூலி கரைந்துவிடும். அடோர்னோ 1969ல் ஓய்வு நேரம் பற்றிப் பேசும்போது, உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்கப்பட்டாலே தனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்றார். ஓய்வு வேலையின் நிழலாகவே இருக்கிறது என்பது அவர் வாதம். தமிழ்ச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது: பொழுதைப் போக்குவது. போக்கடிக்கப் பொழுது யாரிடம் இருக்கிறது? பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் மாறிமாறி வருகிறவரிடம் இருப்பது தூக்கக் கடன்.

ஆனால் அடோர்னோவோடு நின்றுவிட்டால் தொழிலாளிக்குத் தூங்குவதைத் தவிர வேறு ராத்திரி இல்லை என்றாகிவிடும். ழாக் ரான்சியர் 1981ல் வெளியிட்ட நூல், 1830களின் பிரெஞ்சுத் தையல்காரர்களும் தச்சர்களும் தூங்க வேண்டிய ராத்திரிகளில் கவிதையும் கடிதமும் தத்துவமும் எழுதியதைத் தோண்டி எடுத்தது. ஜெர்மனியில் நடந்தது நம் விஷயத்துக்கு இன்னும் கிட்டே வருகிறது. அங்கே 1926ல் தொழிலாளர் புகைப்படக்காரர்களுக்கென்று சங்கமும் 'தொழிலாளர் புகைப்படக்காரன்' என்ற பத்திரிகையும் தொடங்கின. அரசியல் கட்டுரைகளோடு எப்படி வெளிச்சம் கணிப்பது, எப்படிக் கழுவுவது, எப்படிப் பெரிதாக்குவது என்ற குறிப்புகளும் அதில் அச்சாயின. முதலாளியப் பத்திரிகையின் படத்துக்கு எதிரான படத்தை எடுக்க, முதலில் நெகடிவைக் கெடுக்காமல் கழுவத் தெரிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1933ல் நாஜிகள் வந்ததோடு இதெல்லாம் முடிந்தது.

எங்கள் பக்கத்துப் பொழுதுபோக்காளர் என்றால் உடனே வருகிற பெயர் ஜி.டி. நாயுடு (1893-1974). சூலூர் வட்டாரத்துக் கலங்கல்காரர். காமிராவைத் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றி, 1936ல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தானே படமெடுத்தவர். கழற்றிப் பார்த்துக் கற்ற கை அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பஸ் கம்பெனி முதலாளி கழற்றிப் பார்த்தால் 'விஞ்ஞானி' என்றும், தறி மெக்கானிக் தன் யோசனையில் ஒரு பாகத்தை மாற்றிப் போட்டால் 'கைப்பழக்கம்' என்றும் பெயர் வைக்கிற சொல்லாடல் எங்கிருந்து வந்தது?

பொழுதுபோக்காளரின் குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் முடியாது. அது தன் கையை மட்டும்தான் எழுதும், மற்றக் கைகளை அழித்துவிடும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலை 1960ல் நிறுவப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும் கறுப்பு வெள்ளைச் சுருளும் தாளும் அங்கிருந்து வந்தன. 1990களில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பிறகு ஒரேயடியாக மூடிப்போனது. பிலிமில் வெள்ளி உப்புப் பசை பூசுகிற வேலை இருட்டில் நடக்கும் வேலை. அந்த இருட்டில் நின்றவர்களுக்குத் தெரிந்தது என்ன என்று எந்தக் குறிப்பேட்டிலும் கிடையாது. சுருளின் வேகம், கழுவும் நிமிஷம் மட்டும் இருக்கிறது.

வரலாற்றுப் புகைப்படத்திலும் இதே கதைதான். லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, மதராஸ் மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1858ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். வெயிலுக்குத் தாங்குகிற மெழுகுத்தாள் நெகடிவ். எழுத்துக்கு எழுத்து வாசிக்கலாம். அவர் படங்களில் பலவற்றில் மனுஷ வாசனையே கிடையாது. அப்போதிருந்த நீண்ட வெளிச்ச நேரம் அதற்கு ஒரு காரணம், நகர்கிறது படத்தில் பதியாது. தொழில்நுட்பத்தின் எல்லை அப்படியே பார்வையின் எல்லையாகவும் ஆகிவிடுகிறது.

மாடல்கள் இன்னும் சுத்தம். தஞ்சாவூர் நெட்டி வேலையில் பெரிய கோயிலை வெள்ளை வெளேரென்று செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அற்புதமான கை, 2020ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளே கல் சுமந்த ஆள் இருக்கமாட்டார். பிரான்சில் வாகான்சோன் 1730களின் கடைசியில் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மையும் இரை தின்னும் வாத்தும் செய்து ஊரை வியக்கவைத்தார். பொம்மை செய்த அதே மூளையைப் பட்டு நெசவுக்கு மேற்பார்வையாளராக அரசாங்கம் போட்டது. 1744ல் லியோன் நெசவாளர்கள் அவர் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அவர் செய்த தானியங்கித் தறி, பின்னால் பாரீஸில் ஜக்கார்டின் கைக்கு வந்தது. 1804 வாக்கில் துளையட்டைத் தறி பிறந்தது. ஆள் இல்லாத மாடல் ஒருநாள் ஆள் இல்லாத தொழிற்சாலைக்கு வரைபடமாகிவிடும்.

சோமனூரில், கருமத்தம்பட்டியில் சாதாத் தறிகள் இன்று பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு ஏற்றப்படுகின்றன. ஆயிரம் வருஷத்து நடுகல்லுக்கு அளவெடுத்து மைப்படி எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லாரி வருவதற்கு முன் அந்தக் குடோனுக்குள்ளும் போங்கள். அச்சு, விழுது, நாடா, மிதி எல்லாவற்றுக்கும் அளவெடுங்கள். 40ஆம் நம்பர் நூல் என்றால் 840 கஜச் சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு ராத்தல் என்ற லங்காஷயர் கணக்கு இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. எந்தப் பாகம் கம்பெனி கொடுத்தது, எது உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது, எது ஓட்டினவர் கயிற்றால் கட்டிச் சமாளித்தது என்று பிரித்து எழுதுங்கள். மாடல் செய்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது: இழை அறுந்து நிற்கிற தறியைச் செய்யுங்கள், பிணைக்கக் குனிந்த ஆளோடு.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். குடோனுக்குள் வெளிச்சம் குறைவு. 400 வேகப் பிலிம், லென்ஸ் துவாரத்தை 2க்குத் திறந்தாலும் ஷட்டர் அறுபதில் ஒரு வினாடிக்கு மேல் போகாது. ஓடுகிற நாடா அந்த வேகத்தில் வெறும் வெள்ளை இழுப்பாக விழும். முகம் தெளிவாக விழ வேண்டுமென்றால் அவர் நிற்க வேண்டும்; அவர் நிற்பது தறி நின்றபோதுதான். 'ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணா' என்று கேட்போம், அவரும் மறுக்கமாட்டார். ஒரு நிமிஷம் என்றால் இரண்டரை அங்குலம். அச்சிட்ட படத்தின் பின்னால் பென்சிலில் எழுதும்போது சுருள், துவாரம், ஷட்டர், டி-76, 20 டிகிரி, கழுவிய நிமிஷம் என்று எழுதி, அதற்குக் கீழே தறி எத்தனை நிமிஷம் நின்றது, யாருக்காக நின்றது, அந்த அங்குலத்துக்கான காசை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.