எல்லை தாண்டும் அழைப்பு

சுரண்டைச் சந்தையில் ஏற்றிய காய்கறி கேரளா போய்ச் சேர, புளியரை எல்லைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். அங்கே ஆகும் தாமதம் லாரிக்கு ஒன்றுதான், மூட்டைக்கு ஒன்று கிடையாது. ஒரு நிரல்மொழி இன்னொரு மொழியில் எழுதிய செயற்கூறை அழைக்கும்போதும் கணக்கு இதுவே.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில், திரையில் காட்டச் சொல்லும் ‘பதிப்பி’ கட்டளையை ஒரு மாணவி எழுதுகிறாள். எழில் அதைப் பைத்தானிடம் ஒப்படைக்கிறது. நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தானோ சி மொழியில் எழுதப்பட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு எல்லை! கற்பிக்க வந்த மொழிக்கு இது குறையில்லை. வேகம் வேண்டும் என்கிறபோதுதான் சிக்கல்.

பைத்தானில் 5 என்பது ஒரு முழுப் பொருள். அதன் வகை, அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எல்லாம் கூடவே வரும். சி மொழிக்கு வெறும் எண் போதும். ஆகவே இந்தப் பொருளின் உறையைப் பிரித்து, எண்ணை எடுத்து, செயலியின் உரிய ரெஜிஸ்டரில் வைத்து, அழைத்து, விடையை மறுபடி உறையிலிட வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் லினக்ஸ் முதல் ஆறு முழு எண்களை ரெஜிஸ்டர்களில் கேட்கிறது. விண்டோஸ் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. சி செயற்கூறுகளை அழைக்க 2006இல் பைத்தானோடு சேர்ந்த சிடைப்ஸ் நூலகம் இதையெல்லாம் ஒவ்வோர் அழைப்பிலும் புதிதாக யோசிக்கிறது. வசதியானது, ஆனால் மந்தம்.

லூவா மொழியை வேகமாக ஓட்டும் மைக் பாலின் லூவாஜிட்தான் இந்த எல்லை தாண்டலில் எனக்கு உச்சம். சி மொழியின் அறிவிப்பு வரியை அப்படியே லூவா நிரலுக்குள் ஒட்டினால் போதும், இடையில் இணைப்பு நிரல் எழுத வேண்டியதில்லை. அடிக்கடி ஓடும் பகுதியை அது இயந்திர மொழியாக்கும்போது வகைகள் முன்பே தெரிந்திருப்பதால் உறைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு சி நிரலே செய்திருக்கக்கூடிய நேரடி அழைப்பு. சி பக்கத்திலிருந்து லூவாவைத் திருப்பி அழைத்தால் மட்டும் இந்த மாயம் வேலை செய்யாது. அதை அவருடைய ஆவணமே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மையும் எனக்குப் பிடிக்கும்.

ஜாவா இந்த இடத்துக்கு வர வெகுகாலமாயிற்று. பிற மொழிச் செயற்கூறுகளை எளிதாக அழைக்க ஜாவா எடுத்த பனாமா திட்டத்தின் பலன் 2024 மார்ச்சில் ஜாவா 22இல்தான் நிலைபெற்றது. அதில் ஓர் அழகான துணிச்சல் உண்டு: அழைக்கும் செயற்கூறு மிகச் சிறியது என்று நிரலர் உறுதி தந்தால், எல்லையில் செய்யும் நிலைமாற்றத்தையே ஜாவா விட்டுவிடும். உறுதி பொய்த்தால் நினைவகத்தைத் துப்புரவு செய்யும் வேலை அதற்காகக் காத்துக் கிடக்கும்.

மத்தளம்பாறையில் உள்ள ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தைப் போன்ற இடங்களைக் கனவு கண்டு நிரல் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: நிரல் மெதுவாக ஓடினால் மொழியைத் திட்டுமுன் எத்தனை முறை எல்லை தாண்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். லட்சம் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல் ஒரே வரிசையாகப் பைத்தானின் எண் நூலகமான நம்பையிடம் கொடுங்கள். பிறகு லூவாஜிட்டின் மூலநிரலைத் திறந்து படியுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.