கொரியா கிளம்பும் முன் கைபேசியில் எதை ஏற்றிக்கொள்வது?

காஞ்சிபுரத்தில் விடிவதற்குள் கம்பெனி பஸ்கள் கிளம்பிவிடுகின்றன. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இருங்காட்டுக்கோட்டைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். 1998-இல் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது முதல் இந்தப் பக்கம் கொரிய மொழி காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. சில வாரப் பயிற்சிக்காகக் கொரியா போகும் வாய்ப்பு ஒருவருக்கு வந்தால், வகுப்பில் சேர அவகாசம் இருக்காது. அவருக்காகவே மூன்று செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் கூகுள் டிரான்ஸ்லேட். தமிழும் கொரியனும் நேருக்கு நேர் கிடைப்பது இதன் பெரிய பலம். ஷின் ராம்யோன் நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் கேமராவைக் காட்டினால், 550 மில்லி தண்ணீர், நாலரை நிமிடக் கொதி என்ற செய்முறை தமிழில் வந்து நிற்கிறது. கடைப் பலகை, மருந்து அட்டை, உணவு விடுதி மெனு எல்லாவற்றுக்கும் இதுவே போதும். விமானம் ஏறும் முன் இரு மொழிகளையும் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும்.

பேச்சுக்கு வந்தால் கதை வேறு. கொரியனில் மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது. மேலாளரிடம் 'சாப்பிடு' என்ற தொனியில் பேசிவிடக் கூடாது. நேவர் நிறுவனத்தின் பாப்பகோ இதற்கென்றே மரியாதை நடை பட்டன் ஒன்று வைத்திருக்கிறது. அதை அழுத்தினால் வாக்கியம் பணிவான வடிவுக்கு மாறுகிறது. ஆனால் இதில் தமிழ் இல்லை, ஆங்கிலம் போன்ற வேறு மொழியில்தான் தட்ட வேண்டும்.

டூயோலிங்கோவை ஆங்கில வழியில் பார்த்தேன். காதுப் பயிற்சிக்கு நல்லது. கொரியனில் ககரம் மட்டுமே மூன்று விதம்: சாதாரணம், மூச்சு சேர்ந்தது, இறுக்கியது. அந்த வேறுபாடு பிடிபட ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஆக வேண்டும். இலக்கணத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். தமிழ் வழியில் யோசித்தால் அந்தப் பாடே இல்லை. 'சோனுன் காஞ்சிபுரம்-எசோ வாஸ்ஸோயோ': நான், காஞ்சிபுரத்திலிருந்து, வந்தேன். வரிசை அப்படியே நம்முடையது. 'எசோ' நம் 'இலிருந்து' போல ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

எழுத்தும் அப்படித்தான். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாகும். ஈற்று மெய் அடியில் உட்காரும். 'கல்' என்பதில் ஒரு விதமாகவும் 'அகம்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கும் நம் 'க' போலவே, அவர்களுடைய சாதாரண ககரமும் உயிர்களுக்கு நடுவே மென்மையாகிறது. உயிர்மெய் எழுதிப் பழகியவருக்கு இது சீக்கிரம் வசப்படும்.

என் தீர்ப்பு: படிக்க கூகுள், பேச பாப்பகோ, காதுக்கு டூயோலிங்கோ. இவற்றுக்கெல்லாம் முன்பாக ஹங்குலைக் கையால் எழுதிப் பழகிவிடுங்கள். திரும்பி வந்த பிறகும் ஆர்வம் இருந்தால் சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் கொரிய மொழி வகுப்புகள் உண்டு. பாப்பகோவில் இந்தி ஏற்கெனவே இருக்கிறது. இத்தனை கொரிய ஆலைகளில் தமிழர் உழைக்கும்போது, நேவர் அதில் தமிழையும் சேர்க்க வேண்டும்.