வாகை ஒருவருக்கு, வழி இன்னொருவருக்கு

அயர்லாந்தின் கெர்ரி கவுன்டியில் 2022ஆம் ஆண்டின் கிளப் கேலிக் கால்பந்துப் பருவம் விசித்திரமாக முடிந்தது. கவுன்டி கோப்பையை வென்றது ஈஸ்ட் கெர்ரி. அடுத்த படியான முன்ஸ்டர் மாகாணப் போட்டிக்குப் போனதோ டிரலீ நகரின் கெரின்ஸ் ஓ'ராஹிலிஸ். 2021இல் கோப்பையைத் தூக்கிய ஆஸ்டின் ஸ்டாக்ஸ், சீனியர் என்ற மேல்நிலையிலிருந்தே இறக்கப்பட்டது. யாரும் விதியை மீறவில்லை, விதியே அப்படித்தான்.

இந்த ஆட்டத்தில் ஆடுபவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர் பெரும்பாலும் தன் ஊர்த் தேவாலயப் பங்கின் கிளப்புக்கே கடைசிவரை ஆடுவார். பெரிய அணி தேடிப் போவது வழக்கமில்லை. அப்படியானால் சிற்றூரில் பிறந்த திறமைசாலி எங்கே போவார்? அதற்குக் கெர்ரி கண்ட விடைதான் கோட்ட அணி. சீனியர் நிலையில் எட்டு கிளப்புகள் தனித்து ஆடும். இன்டர்மீடியட், ஜூனியர் எனும் கீழ்நிலைக் கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் வட்டாரவாரியாகச் சேர்ந்து ஈஸ்ட் கெர்ரி, மிட் கெர்ரி போன்ற கோட்ட அணிகளாக அதே கோப்பைக்கு மோதுவார்கள்.

இதன் நன்மைக்கு டேவிட் கிளிஃபோர்டே சான்று. 2022 ஜூலையில் கெர்ரி கவுன்டி அணி தன் 38ஆவது அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றபோது, கால்வேக்கு எதிரான இறுதியாட்டத்தில் எட்டுப் புள்ளி எடுத்தவர் அவர். அவருடைய ஃபோசா கிளப் அப்போது ஜூனியர் நிலையில் இருந்தது. கோட்ட அணி இல்லாவிட்டால் நாட்டின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர் சொந்தக் கவுன்டியின் முதன்மைக் கோப்பையைத் தொட்டுப் பார்க்கவே வழியில்லை. அவரைவிட, அவருடன் ஆடும் பெயர் தெரியாத இளைஞருக்கே இந்த ஏற்பாடு பெரிய வரம். கவுன்டித் தேர்வாளர்களின் கண்ணில் பட அவருக்கு வேறு மேடை ஏது?

ஆனால் வாய்ப்புக்காக வந்த ஏற்பாடு வலிமைக் குவியலாகவும் மாறியது. 2023 ஜனவரியில் ஃபோசா அகில அயர்லாந்து ஜூனியர் பட்டத்தையும், ராத்மோர் இன்டர்மீடியட் பட்டத்தையும் குரோக் பார்க் மைதானத்தில் வென்றன. தத்தம் நிலையில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த இரண்டு கிளப்புகளும் ஈஸ்ட் கெர்ரி என்ற ஒரே அணிக்கு ஆள் கொடுத்தவை! 2022 கவுன்டி இறுதியில் ஈஸ்ட் கெர்ரியை எதிர்த்ததும் இன்னொரு கோட்ட அணியான மிட் கெர்ரிதான். கிளப்புகளின் பருவத்தில் இறுதியாட்டத்துக்கு ஒரு கிளப்கூட வரவில்லை.

மாகாணப் போட்டியில் கிளப்புகளுக்கு மட்டுமே இடம். ஆகவே கோட்ட அணி வென்றால், தனியாக நடக்கும் கெர்ரி சீனியர் கிளப் போட்டியின் வெற்றியாளர் போகிறார். ஓ'ராஹிலிஸ் சோடை போகவில்லை. நியூகாசில் வெஸ்ட் கிளப்பை வீழ்த்தி முன்ஸ்டர் பட்டத்தையே வென்றது. ஆனாலும் யார் கெர்ரியின் சாம்பியன் என்ற கேள்விக்கு இரண்டு விடை இருப்பது எந்தக் கோப்பைக்கும் அழகில்லை. ஆட்டக்காரரின் உடம்புக்கும் இது சுமை. ஜூலைக்குள் கவுன்டிப் பருவத்தை முடித்து மிச்ச மாதங்களைக் கிளப்புக்கு விடும் முறை வந்தும், கிளிஃபோர்ட் கவுன்டி, கோட்டம், கிளப் என மூன்று சட்டை மாற்றி ஜனவரிவரை ஓடினார்.

காலப்போக்கில் சமநிலை தானே வரும் என்பது இம்முறையின் ஆதரவாளர் வாதம். அதில் உண்மை உண்டு: 2024இல் டாக்டர் குரோக்ஸ் என்ற கிளப்பே கோப்பையை வென்றது. ஆனால் 2023இல் ராத்மோர் சீனியருக்கு உயர்ந்து விலகிய பிறகும் ஈஸ்ட் கெர்ரியே வென்றதை மறக்க முடியாது. ஒரு கிளப்பை உருவினால் தளரும் குவியல் அல்ல அது.

என் பார்வையில் குறை கோட்ட அணியில் இல்லை, எட்டு என்ற எண்ணில் இருக்கிறது. ஒரு சாம்பியன் மறு ஆண்டே கீழே விழுவதும், வலுவான கிளப்புகள் கோட்டத்துக்குள் தேங்குவதும் அந்த நெருக்கடியின் இரு விளைவுகள். சீனியர் கிளப்புகளைப் பன்னிரண்டாக்கினால் தேங்கியவை தனித்து நிற்கும். கோட்ட அணி மெய்யாகவே சிறிய ஊர்களுக்கு உரியதாகும். புதிதாக ஏறும் கிளப்புகள் சில ஆண்டுகள் பலமாக அடிவாங்கும் என்பது இதற்கான விலை. இன்று அந்த விலையைக் கோப்பையின் மதிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.