கிரிவலப் பாதையில் ஓர் இன்டர்ஃபேஸ்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதற்கு ஜாவாவில் ஒரு வழிகாட்டிச் செயலி எழுத உட்கார்ந்தால், அந்தப் பழைய கேள்வி இந்திர லிங்கத்திலேயே வழிமறிக்கும்: இன்டர்ஃபேஸா, அப்ஸ்ட்ராக்ட் கிளாஸா?

இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை பாதையிலுள்ள எட்டு லிங்கங்களும் ஒரே குடும்பம். பெயர், திசை என்று தரவும் பொது, அதைச் சொல்லும் நிரலும் பொது. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ரமணாசிரமமும் டீக்கடையும் அந்த வம்சத்தில் சேராதவை. ஆனாலும் நடப்பவருக்கு வரைபடத்தில் தெரிய வேண்டும் (டீக்கடை கட்டாயம்). 'வரைபடத்தில் காட்டத்தக்கது' என்றொரு இன்டர்ஃபேஸ் அதற்குப் போதும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்குத் தாய் ஒன்றுதான். இன்டர்ஃபேஸ் எத்தனையும் ஏற்கலாம்.

ஜாவாவின் நூலகமே இரண்டையும் அழகாகச் சேர்த்து வைத்திருக்கிறது. லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸ், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும். அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் பெரும்பாலான வேலையை முடித்தே கொடுத்துவிடும்; மாறாத பட்டியலுக்கு கெட், சைஸ் என்ற இரண்டு மெத்தடுகளை எழுதினால் ஆயிற்று.

2014இல் வந்த ஜாவா 8, இன்டர்ஃபேஸுக்குள்ளும் டிஃபால்ட் மெத்தடுகளை அனுமதித்தது. பழைய நிரல்கள் உடையாமல் கலெக்‌ஷனில் ஸ்ட்ரீம் சேர்க்க அந்த வழி தேவைப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு பொருளும் தனக்கென வைத்துக்கொள்ளும் புலங்கள் அங்கே கிடையாது. மாறிலிகளுக்கு மட்டுமே இடம்.